புதுப்பிப்பு: வரைபடத்தில் எல்லைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது சரியாகிவிட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொண்டு வரைந்த மாவட்ட வரைபடத்தில் எல்லைகள் மேலேறியும் இடைவெளி விட்டும் தெரிந்தன. ஒரே ஒரு மாவட்டத்தின் நிறம் படம் முழுவதையும் மூடியது. இதைத்தான் கேட்டிருந்தேன்.

இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். நிறம் பரவியதற்குக் காரணம், ஒருவர் சொன்னபடியே, எல்லைப் புள்ளிகள் வரிசையாகச் சுற்றிவரும் திசை. 2016-இல் வந்த ஆர்எஃப்சி 7946 (ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்பு வடிவத்தின் விதிமுறை) வெளிவளையம், அதாவது மாவட்டத்தின் வெளி எல்லை, இடஞ்சுழியாக இருக்க வேண்டும் என்கிறது. டி3 வலஞ்சுழியை எதிர்பார்க்கிறது. திசை மாறினால் அந்த மாவட்டத்தைத் தவிர மீதி உலகம் முழுவதையும் அது நிரப்பிவிடும். மேப்ஷேப்பர் என்ற வரைபடக் கருவியில் ஜிஜே2008 (2008-இன் பழைய ஜியோஜேசன் விதி) என்ற தேர்வோடு ஏற்றுமதி செய்ததும் சரியானது.

எல்லைச் சிக்கல்தான் அதிக நேரம் எடுத்தது. ஒவ்வொரு மாவட்டத்தையும் தனிக் கோப்பாக எளிமைப்படுத்தியது (புள்ளிகளைக் குறைத்தது) என் தவறு. பொது எல்லைக்கோடு இரண்டு பக்கமும் வேறுவேறாகச் சுருங்கிவிடுகிறது. எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி, முதலில் மேப்ஷேப்பரின் கிளீன் கட்டளை (மேலேறல்களையும் இடைவெளிகளையும் சரிசெய்வது), அப்புறம் எளிமைப்படுத்தல், கடைசியில் டோப்போஜேசன் என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றம். இந்த வரிசை முக்கியம், மாற்றாதீர்கள். டோப்போஜேசனில் பொது எல்லை ஒரே ஒருமுறைதான் சேமிக்கப்படும், அதனால் பிளவு வர வழியில்லை.

எதிர்பாராத ஒன்று: கிளீன் கட்டளையில் எவ்வளவு பெரிய இடைவெளி வரை நிரப்பலாம் என்ற அளவைப் பெரிதாக வைத்தபோது, இரு மாவட்டங்களுக்கு நடுவே இருந்த நிஜமான ஏரியும் மூடப்பட்டுவிட்டது. அளவைக் குறைத்ததும் ஏரி திரும்பி வந்தது. நீர்நிலைகள் உள்ள வரைபடம் என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.