பிள்ளைகளுக்குத் தனி இங்கிலிஷ் ஆராதனை: வேண்டுமா, வேண்டாமா?

ஸ்கார்பரோ_அக்கா

எங்கள் சபை டொரொன்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில். 1983 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் தொடங்கியது. சொந்தக் கட்டடம் இல்லை, வெள்ளைக்காரர் சபை ஒன்றின் கோயிலை ஞாயிறு பிற்பகலில் வாடகைக்கு எடுக்கிறோம். அடுத்த மாதம் பரிபாலனக் குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது: 13 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் இளம் தம்பதிகளுக்கும் அதே நேரத்தில் கீழ் மண்டபத்தில் தனி இங்கிலிஷ் ஆராதனை.

நான் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை. நடப்பதைச் சொல்கிறேன். பாட்டும் ஜெபமும் வேதவாசிப்பும் முடிந்ததும், பிரசங்கத்துக்கு முன்னால் பிள்ளைகளை பேஸ்மென்டுக்குக் கூட்டிக்கொண்டு போவோம். 4 வயதிலும் அப்படித்தான், 16 வயதிலும் அப்படித்தான். கீழே பாடம் இங்கிலிஷில். மேலே பிரசங்கம் தமிழில், 50 நிமிடம். திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) முடிந்ததும் “இனி நீ பெரிய ஆள், மேலே வா” என்கிறோம். வருகிறார்கள். கடைசி வரிசையில் போனோடு உட்காருகிறார்கள். பிறகு யூனிவர்சிட்டி, அதோடு சரி.

இப்படியே விடுவதா, தனி ஆராதனை கொடுப்பதா? மற்ற இடங்களில் என்ன செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

நல்லூர்_மூப்பர்

தங்கச்சி, நான் எதிர்ப்பு. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

முதலில் தனி ஆராதனை என்பார்கள். பிறகு தனிக் காணிக்கைப் பை. பிறகு தனிப் போதகர். நாலைந்து வருடத்தில் தனிச் சபை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சபையில் இது கண் முன்னால் நடந்தது. இப்போது தகப்பனும் மகனும் ஈஸ்டருக்கும் ஒன்றாகக் கோயிலுக்குப் போவதில்லை.

என் மாமியாருக்கு 84 வயது. திங்கள் முதல் வெள்ளி வரை அவவுக்கு டிவிதான் துணை. பேரப்பிள்ளைகள் “ஹாய் அம்மம்மா” என்று சொல்லிக்கொண்டே படியேறிப் போய்விடுவார்கள். ஞாயிறு அன்று எழுந்து நின்று ஜெபம் பண்ணுவா. முழுச் சபையும் கண்ணை மூடிக் கேட்கும். பேரனும் அங்கேதான் நிற்கிறான். அரைவாசிதான் விளங்கும் என்றாலும், தன் அம்மம்மா ஒரு பெரிய மனுஷி என்று அவனுக்குத் தெரிய வருகிற இடம் அது ஒன்றுதான். அவனைக் கீழே அனுப்பினால் அதுவும் போச்சு.

எடிசன்_தம்பி

அங்கிள், வணக்கம். நான் பிறந்தது நியூஜெர்சி, அப்பா அம்மா தூத்துக்குடி. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி புண்ணியத்தில் இதைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் பயப்படுகிற பிரிவு ஏற்கெனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது, சத்தம் கேட்கவில்லை, அவ்வளவுதான். கொரியர்களைப் பாருங்கள். 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு அமெரிக்கா வந்தவர்கள் ஊருக்கு ஊர் சபை கட்டினார்கள். அவர்கள் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனதும் சபையை விட்டு நழுவினார்கள். 1996இல் ‘கிறிஸ்டியானிட்டி டுடே’ பத்திரிகை இதை ‘மௌன வெளியேற்றம்’ என்று எழுதியது. யாரும் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. அடுத்த ஞாயிறு வரவில்லை, அவ்வளவே. எங்கள் சபையிலும் என்னோடு திடப்படுத்தல் எடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போனார்கள். யாரும் சண்டை போடாததால் யாரும் கவனிக்கவில்லை.

இன்னொன்று. மொழி என்கிறீர்கள், எனக்கு அது பெரிய தடை இல்லை. பாட்டு வரிகளை மேலே தமிழிலும் கீழே ஆங்கில எழுத்திலும் ஸ்லைடில் அடிப்பது நான். சவுண்ட் நான். யூடியூப் லைவ் நான். வருடாந்திரக் கூட்டத்தில் பட்ஜெட் எடுத்ததும் ஒரு அங்கிள் சொல்வார்: “தம்பி, நீங்க போய் சாப்பாடு வந்துடுச்சான்னு பாருங்க.” எனக்கு 29 வயது. வீட்டுக் கடன் கட்டுகிறேன்.

பாளை_செல்வன்

இங்கிலிஷ் ஆராதனை என்றால் என்ன வரும் என்று தெரியும். லைட்டை அணைத்துவிட்டு கிட்டார், டிரம்ஸ். பாமாலையும் கீர்த்தனையும் மூட்டை கட்ட வேண்டியதுதான். தஞ்சாவூர்க் கிறிஸ்தவப் புலவர் வேதநாயக சாஸ்திரியார் சும்மாவா பாடிவைத்தார்?

மினியாபொலிஸ்_ஜான்

செல்வன் அண்ணாச்சி, சாஸ்திரியாரை இழுத்ததால் கேட்கிறேன். 1820களில் புதிதாக வந்த மிஷனரிகள் ஆராதனையில் தமிழ்ப் பாட்டைக் குறைக்கப் பார்த்தபோது அவர் எழுதியே எதிர்த்தார், உண்மை. அதே எழுத்தில்தான் கோயிலில் சாதியாருக்குத் தனி இடம் வேண்டும் என்றும் வாதாடினார். முன்னோர் சொத்து என்றால் எல்லாவற்றையும் அப்படியே அடுத்த தலைமுறை தலையில் ஏற்ற முடியுமா? கல்யாணப் பேச்சு வரும்போது நம் சபைகளில் என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் நெல்லைக்காரன், இருப்பது மினசோட்டா. இங்கே சுற்றிலும் நார்வே, ஸ்வீடன் வழி லுத்தரன் சபைகள். நமக்கு நடப்பது அவர்களுக்கு நூறு வருடம் முன்பே நடந்துவிட்டது. தாய்மொழியில் ஆராதனை, தாய்மொழியில் ஞாயிறுபள்ளி, பிள்ளைகள் இங்கிலிஷ், வீட்டுக்கு வீடு சண்டை, எல்லாம் உண்டு. முதல் உலகப் போர் அதை இன்னும் முடுக்கிவிட்டது. 1918 மே மாதம் அயோவா கவர்னர் ஹார்டிங் போட்ட உத்தரவில், பள்ளியில், ரயிலில், டெலிபோனில்கூட இங்கிலிஷ் தவிர வேறு மொழி ஆகாது. இங்கிலிஷ் தெரியாதவர்கள் வீட்டிலேயே ஆராதித்துக்கொள்ளட்டும் என்று வேறு சொன்னார்! ஜெர்மன் வழி லுத்தரன் சபைகளின் கூட்டமைப்பான மிசூரி சினாடு அதற்கு முந்தைய வருடமே தன் பெயரிலிருந்து ‘ஜெர்மன்’ என்பதை எடுத்துவிட்டது. நார்வேக்காரர்கள் 1946 வரை ‘நார்வீஜிய’ என்ற பெயரை வைத்திருந்து பிறகுதான் எடுத்தார்கள்.

நல்லூர்_மூப்பர்

ஜான் தம்பி, நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். இப்போது அந்தச் சபைகளில் நார்வே மொழி எங்கே?

மினியாபொலிஸ்_ஜான்

மொழி இல்லை ஐயா. சபை இருக்கிறது. ஸ்வீடன் வழி அகஸ்டானா சினாடு 1962இல் வேறு லுத்தரன் சபைகளோடு இணைந்தது. நார்வே வழிச் சபையும் பல படி தாண்டி வந்தது. 1988இல் இரண்டு வழியும் ஒரே பெரிய சபைக்குள் சேர்ந்தன. மொழி போய்த் தலைமுறைகள் ஆன பிறகும் குளிர்காலம் வந்தால் கோயில் மண்டபத்தில் லூட்டஃபிஸ்க் விருந்து வைக்கிறார்கள். சோடாக் காரத்தில் ஊறப்போட்ட காய்ந்த மீன், வாடையே ஆளைத் தூக்கும். அறுப்பின் பண்டிகை அசனம் மாதிரி ஊரே கூடித் தின்கிறது. மீனைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்காதீர்கள்.

நான் சொல்ல வந்தது வேறு. அவர்கள் பிள்ளைகளுக்கு எதைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஸ்வீடன்காரர்கள் 1862இல் தொடங்கிய பள்ளிதான் பிறகு கஸ்டாவஸ் அடால்ஃபஸ் கல்லூரி. நார்வேக்காரர்கள் 1874இல் செயின்ட் ஓலஃப் தொடங்கினார்கள். குடியேறியவர்கள், கையில் காசில்லாத விவசாயிகள். அந்தக் கல்லூரிகளிலும் இங்கேயே நடத்திய செமினரிகளிலும் அவர்கள் பிள்ளைகளே படித்துப் போதகர் ஆனார்கள். இரண்டு மொழியும் பேசுகிற போதகர் சபைக்குள்ளிருந்தே வந்தார். நம்மிடம் அப்படி எத்தனை பேர்?

எடிசன்_தம்பி

இதைத்தான் நான் சொல்ல நினைத்தேன், ஜான் அண்ணா. எங்களுக்கு ஊரிலிருந்து போதகர் வருகிறார். அமெரிக்காவில் மதப் பணியாளர் விசா முதலில் 30 மாதம், நீட்டித்தாலும் மொத்தம் 5 வருடம். முதல் வருடம் பனியும் கார் ஓட்டுவதும். இரண்டாவது வருடம் வீடு வீடாக ஜெபக்கூட்டம். பிள்ளைகளின் பெயர் மனசில் நிற்கிற நேரத்தில் பெட்டி கட்டுகிறார். நல்ல மனிதர்கள்தான், குறை சொல்லவில்லை. என் தங்கைக்கு 19 வயதில் வந்த சந்தேகங்களை அவர்களிடம் கேட்க முடியவில்லை. கேட்டிருந்தால் ஜெபம்தான் பதிலாக வந்திருக்கும்.

நல்லூர் அங்கிளுக்கு ஒரு வசனம். அப்போஸ்தலர் 6. கிரேக்கு பேசுகிற விதவைகள் பந்தியில் விடுபடுகிறார்கள் என்று முறுமுறுப்பு வருகிறது. அப்போஸ்தலர்கள் ஏழு பேரை நியமிக்கிறார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். முறுமுறுத்த பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள்! ‘பொறுத்திருங்கள், வளர்ந்ததும் பார்க்கலாம்’ என்று சொல்லவில்லை.

நல்லூர்_மூப்பர்

நல்ல வசனம் எடுத்தீர்கள். நானும் அதே அதிகாரத்தில்தான் நிற்கிறேன். கிரேக்கருக்குத் தனிப் பந்தி போட்டார்களா? இல்லை. பந்தி ஒன்றுதான், பரிமாறுகிறவர்களைத்தான் மாற்றினார்கள். ஸ்கார்பரோத் தீர்மானம் சொல்வது தனிப் பந்தி.

எஸ்சன்_மேரி

கத்தோலிக்கர் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். ஜெர்மனியில் பிள்ளை பள்ளித் தோழர்களோடு பக்கத்துப் பங்குக் கோயிலில் ஜெர்மன் மொழியிலேயே முதல் நன்மை (முதல் நற்கருணை) வாங்குகிறது. தமிழ்த் திருப்பலி எங்கள் ஊரில் மாதம் ஒரு முறை. அதனால் ‘இதுவா அதுவா’ என்ற கேள்வியே எங்கள் வீட்டில் வரவில்லை. என் மகனுக்கு மறைக்கல்வி ஜெர்மனில், பாட்டு தமிழில்.

ஆகஸ்டில் கெவலார் மாதா திருத்தலத்துக்கு ஆயிரக்கணக்கில் தமிழர் போகிறோம், சைவ ஆட்களும் நிறைய வருவார்கள். அன்றைக்கு என் மகன் விருப்பமாக வருவான். பக்தி என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஒன்றுவிட்ட சகோதரங்கள் சுவிஸிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வருவார்கள், அங்கே வெளியில் விற்கிற ரோல்ஸும் ஒரு காரணம். வரட்டும், பரவாயில்லை. எல்லாத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தில் ஏற்றினால் அது எப்படித் தாங்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

நல்லூர்_மூப்பர்

மேரி, உங்களுக்குப் பின்னால் ஒரு முழு மறைமாவட்டம் நிற்கிறது. நாங்கள் வாடகைக் கட்டடத்தில் இருக்கிற 60 குடும்பம். பக்கத்துச் சபைக்குப் போன பிள்ளை எங்கள் கணக்கில் போன பிள்ளைதான்.

சிராங்கூன்_அக்கா

சிங்கப்பூர் மெதடிஸ்ட் திருச்சபையில் மூன்று மாநாடுகள், அதாவது நிர்வாகப் பிரிவுகள்: இங்கிலிஷுக்கு ஒன்று, சீனருக்கு ஒன்று, தமிழருக்கு இம்மானுவேல் தமிழ் மாநாடு. என் மகள் கல்யாணத்துக்குப் பிறகு இங்கிலிஷ் சபைக்குப் போனாள். மெதடிஸ்டாகத்தான் இருக்கிறாள், நாங்கள் ‘இழந்துவிட்டோம்’ என்று அழவில்லை. ஆனால் இங்கே தமிழ் ஆட்சிமொழி, பள்ளியிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படி இருந்தும் வீட்டில் இங்கிலிஷ்தான், எங்கள் தமிழ்ச் சபைகள் சிலவற்றிலும் இங்கிலிஷ் ஆராதனை உண்டு. கனடாவில் உங்களுக்கு அந்த அளவு பள்ளித் துணையும் கிடையாது. இன்னும் 20 வருடம் தள்ளிப்போடலாம் என்று நினைக்காதீர்கள், மூப்பர் ஐயா.

பாளை_செல்வன்

கிட்டாரைப் பற்றி யாருமே பேச மாட்டேன் என்கிறீர்களே.

எடிசன்_தம்பி

அண்ணே, எங்கள் வாலிபர் கூட்டத்தில் மிருதங்கம் வாசிக்கிற பையன் இருக்கிறான், கீர்த்தனை என்றால் உயிர். ஆராதனையில் வாசிக்கக் கேட்டான். ‘கச்சேரி மாதிரி ஆயிடும்’ என்று கமிட்டி மறுத்தது.

ஸ்கார்பரோ_அக்கா

எல்லோருக்கும் நன்றி. தீர்மானம் வந்தபடியே போகக் கூடாது என்று இப்போது எனக்குத் தெளிவு. நான் கொண்டுபோகப் போகிற திருத்தம் இது. 11 வயதிலிருந்து பிள்ளைகள் பிரசங்கத்துக்கு மேலேயே இருக்கட்டும். பிரசங்கம் 25 நிமிடம், சுருக்கம் இங்கிலிஷில் திரையில். அதைப் போதகரோடு சனிக்கிழமை உட்கார்ந்து இளம் ஆட்களே எழுதட்டும். மாதம் ஒரு ஞாயிறு முழு ஆராதனையும் அவர்கள் பொறுப்பு, எந்த மொழி என்பதும் அவர்கள் முடிவு. திருவிருந்து எப்போதும் ஒன்றாக. பரிபாலனக் குழுவில் 30 வயதுக்குக் கீழே இரண்டு பேர், வாக்குரிமையோடு. இறையியல் படிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்குக் கட்டிட நிதியிலிருந்து ஒரு பங்கு.

நல்லூர்_மூப்பர்

தங்கச்சி, பிரசங்கத்தைக் குறைப்பதற்கு என் இரண்டு கையும் மேலே. பிள்ளைகள் மேலே இருப்பதும் சரி. குழுவில் இரண்டு பேர், சரி, கணக்கு வழக்குத் தெரிந்த பிள்ளைகளாகப் பார்த்துப் போடுங்கள். கட்டிட நிதியில் கை வைப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். அது குளிரில் பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் 20 டொலர், 20 டொலராகப் போட்ட காசு. உங்கள் குழுவில் இதே மாதிரி ஒரு கிழவன் இருப்பான், அவனிடம் முதலில் போய்க் கதையுங்கள்.

எடிசன்_தம்பி

அந்த 20 டாலர் யாருக்காகப் போட்டது அங்கிள்?

நல்லூர்_மூப்பர்

கட்டிடத்துக்கு, தம்பி. ரசீதில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. படிப்புக்கு வேறு நிதி தொடங்குங்கள், முதல் காசோலை நான் தருகிறேன்.