காசிமேட்டில் கேமராவைப் பார்த்ததும் தகராறு, என்ன செய்வது?

கேள்வி:
விடியற்காலை மீன் ஏலத்தைப் படம் எடுக்கப் போனேன். வஞ்சிரம் அடுக்கிக்கொண்டிருந்த அக்கா, "எதுக்குப்பா எடுக்குற? எந்த சேனல்?" என்று சத்தம் போட, நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் கேமராவையே பிடித்துவிட்டார். இந்த மாதிரி நேரத்தில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில் 1:
கேமராவை இறக்கி, எடுத்த படத்தைத் திரையில் காட்டுங்கள் தம்பி. பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும். தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டும் டெலி லென்ஸை நான் அங்கே தொடுவதே இல்லை; தூரத்திலிருந்து குறிபார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். கிட்டத்தில் போய் எடுக்கிற 35 எம்எம் லென்ஸைப் போட்டு, டீ குடித்துப் பேசிவிட்டுத்தான் எடுப்பேன். அப்புறம் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

பதில் 2:
மிரட்டி அழிக்கச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அந்த அக்கா வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள், அது அவர் முகம். தடைசெய்யப்பட்ட பகுதி என்று பலகை இருந்தால் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். மீறி எடுத்தால் விஷயம் 1923ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் வரை போகலாம்.