இலங்கை வெள்ள நிவாரணத்துக்கு மருந்துப் பெட்டி: எதைச் சேர்க்கலாம்?

கேள்வி (திருமங்கலம்)
எங்க மன்றத்துல மெடிக்கல் ஷாப், வீடுன்னு கேட்டு வாங்கி வச்சிருக்கோம். டாக்டர்கள் கொடுத்த சாம்பிள் மருந்து மூணு பெட்டி, வெட்டின அட்டை மாத்திரை ஒரு மூட்டை, கையுறை, பஞ்சு, காஸ் துணி (காயத்துக்குக் கட்டுறது), சானிடைசர், பழைய சக்கர நாற்காலி நாலு. எல்லாம் ஒத்தக்கடை பக்கம் ஒரு தகரக் கொட்டகையில கிடக்கு. தூத்துக்குடி வழியா அனுப்ப எப்படிப் பிரிக்கணும்?

பதில் 1 (மருந்தாளுநர், மேலூர்)
தம்பி, வசூலை இன்னைக்கே நிறுத்துங்க. அங்க வாங்கிக்கப் போறது யாரு? அந்த மருத்துவமனையோ சுகாதாரத் துறையோ கையெழுத்துப் போட்ட தேவைப் பட்டியலும் ஒப்புதல் கடிதமும் வந்த பிறகுதான் பெட்டி கட்டணும். அது இல்லாம போற சரக்கு துறைமுகத்துலயே தேங்கும், வாடகை ஏறும்.

சாம்பிளும் வீட்டு மாத்திரையும் அறவே வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தோட நன்கொடை வழிகாட்டுதல்லயே இதைச் சொல்லியிருக்கு. ஒரு அட்டையைக் கையில எடுத்துப் பாருங்க: பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் பெரும்பாலும் ஒரு ஓரத்துலதான் அச்சாகியிருக்கும். அந்த ஓரத்தை வெட்டிட்டா மிச்சம் ஆறு மாத்திரை யாருக்கும் பயன்படாது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவோட ஆச்சேயில சுமார் 4,000 டன் மருந்து குவிஞ்சது. அதுல பெரும்பகுதி யாரும் கேட்காதது. அதை அழிக்கிறதே தனிச் செலவாச்சு.

அங்க போய்ச் சேரும்போது ஒரு வருஷமாவது ஆயுள் பாக்கி இருக்கணும். அதனால வாங்கும்போதே 15 மாசம் பாருங்க. காசு சேர்ந்தா மொத்த வியாபாரிகிட்ட ஒரே பேட்ச்சா ஓ.ஆர்.எஸ். (ஒரு லிட்டருக்கு 20.5 கிராம் பொட்டலம்), துத்தநாகம் 20 மி.கி. மாத்திரை வாங்குங்க. வெள்ளத்துக்குப் பின்னால வர்ற வயித்துப்போக்குக்கு இதுதான் கைகொடுக்கும்.

பதில் 2 (சரக்கு அனுப்புறவர், தூத்துக்குடி)
சானிடைசர், ஸ்பிரிட் இரண்டும் தீப்பற்றும் சரக்கு. தனி அனுமதி, தனிப் பொதி வேணும், எடுத்துடுங்க. டிரமடால் (வலி மருந்து), டயஸெபாம் (தூக்க மருந்து) மாதிரி கட்டுப்பாடு உள்ள மருந்து ஒரு அட்டை கலந்திருந்தாலும் மொத்தப் பெட்டியும் மாட்டிக்கும்.

ஒரு பெட்டியில ஒரே வகைப் பொருள். 50 கிலோதான் உச்சம், ஆனா வெள்ளத்துல தோள்ல சுமக்கணும், 20-க்கு மேல வேண்டாம். வெளியில மருந்தோட பொதுப்பெயர் (கம்பெனிப் பெயர் இல்ல, ஜெனரிக் பெயர்), வீரியம், எண்ணிக்கை, காலாவதி, எடை, "7/42"னு (42 பெட்டியில 7-வது) வரிசை எண் எழுதுங்க. பட்டியல்ல இருக்கிற எண்ணிக்கை பெட்டியில இருக்கிறதோட ஒத்துப்போகணும். பெட்டிக்கு அடியில மரத் தட்டு (பேலட்) போட்டா வெப்பப் பதம் செஞ்ச "HT" முத்திரை இருக்கணும்.

பதில் 3 (ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ், மதுரை)
முதல்ல கொட்டகையைக் காலி பண்ணுங்கண்ணே. நம்ம ஊர் மத்தியான வெயில்ல தகரத்துக்கடியில 40 டிகிரி தாண்டும். நிறைய மருந்து லேபிள்ல 30-க்குள்ளன்னு இருக்கு. லேடெக்ஸ் கையுறை மஞ்சளாகி ஒட்டிக்கும். ஒரு விரலை இழுத்துப் பாருங்க, கீறல் விட்டா அந்தப் பெட்டியே வேண்டாம். ஸ்டெரைல் (கிருமி நீக்கின) காஸ் கவர்ல ஒட்டின விளிம்பு வாய் பிளந்திருந்தாலோ, தண்ணிக் கறை இருந்தாலோ அது ஸ்டெரைல் கணக்குல வராது. நாற்காலியில பிரேக், முன்சக்கர பேரிங் பாருங்க. காத்தடிக்கிற டயர்னா மாத்து ட்யூப் கூட வைங்க.

கழிச்ச மாத்திரையை வாய்க்கால்ல கொட்டிடாதீங்க. பக்கத்து மருத்துவமனையில கேட்டு, மஞ்சள் பையில மருத்துவக் கழிவோட சேர்த்துக் கொடுங்க.