புதுப்பிப்பு: பழைய ரைபிளோடு முதல் போட்டி முடிந்தது

ரிம்ஃபயர் (தோட்டாவின் அடி விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும் வகை) துல்லியப் போட்டிக்குப் புது ரைபிள் வாங்கணுமா, கையிலிருக்கும் பாயிண்ட் 22 (0.22 அங்குலக் குழல்) ரைபிள் போதுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். "இருப்பதோடு போங்கள், காசைத் தோட்டாவில் போடுங்கள்" என்றீர்கள். அப்படியே செய்தேன், நன்றி.

தோட்டாவில்தான் விஷயமே இருக்கிறது. நாலு வகை வாங்கி 50 மீட்டரில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார்த்தேன். அதிவேகத் தோட்டா சிதறியது. ஒலியைவிடச் சற்று மெதுவாகப் போகும் 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம் குண்டு) தோட்டா ஐந்தும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கிழிசலாக விழுந்தது. ஒலிவேகத்துக்கு மேல் கிளம்பும் குண்டு, வழியில் அதற்குக் கீழே இறங்கும்போது தடுமாறுகிறது. வகை மாற்றினால் குழலில் முந்தைய தோட்டாவின் மெழுகு இருக்கும். முதல் சில குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சரி, போட்டி. படுத்துச் சுடும் கட்டம் நன்றாகப் போனது. தடுப்புப் பலகையின் மேல் ரைபிளைத் தாங்கிச் சுடும் கட்டத்தில்தான் திணறினேன். ரைபிளைத் தாங்கும் பையை வைத்து, ரைபிளைப் பதித்து, ஸ்கோப்பில் இலக்கைத் தேடுவதற்குள் பாதி நேரம் போய்விட்டது. அடுத்த கட்டத்தில் உருப்பெருக்கத்தைக் குறைத்தேன், இலக்கு உடனே கண்ணில் பட்டது. காற்றையும் குறைவாக எடைபோட்டுவிட்டேன். மணிக்கு 15 கிலோமீட்டர் குறுக்குக்காற்று, 100 மீட்டரில் இந்தச் சின்னக் குண்டைச் சுமார் 10 சென்டிமீட்டர் தள்ளிவிடும்.

இப்போது தினமும் வீட்டில் குண்டில்லாமல் விசையை மட்டும் இழுக்கும் வெறும் பயிற்சி, ரைபிளின் தோட்டா அறையில் டம்மி தோட்டா போட்டுத்தான். காலியாக அடித்தால் சில ரிம்ஃபயர் ரைபிள்களில் அடிக்கும் ஊசி அந்த அறையின் விளிம்பில் மோதிச் சேதமாகும். அடுத்த போட்டிக்கும் இதே ரைபிள்தான்.