ஜிம்ப்பில் (இலவச போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்) ஆயில் பெயின்டிங் மாதிரி வரவே மாட்டேங்கிறது

மழைத்துளி:
பாட்டி வீட்டை இடிப்பதற்கு முன் எடுத்த போட்டோ, 6000 பிக்சல் அகலம். ஓவியம் போல மாற்றி அம்மாவுக்கு பிரேம் போட்டுத் தரலாம் என்று ஆயிலிஃபை ஃபில்டர் போட்டேன். முழுப் படமாகப் பார்த்தால் எந்த மாற்றமும் இல்லை, பெரிதாக்கினால் நனைந்த பேப்பர் மாதிரி கொழகொழவென்று இருக்கிறது. எங்கே தப்பு?

பழைய லென்ஸ்:
அந்த ஃபில்டர் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு சின்ன வட்டம் எடுத்து, அதற்குள் எந்த நிறம் அதிகமோ அதையே பூசும். வட்டத்தின் அளவு பிக்சல் கணக்கு என்பதால் 4 வைத்தால் உங்கள் படத்தில் கண்ணுக்கே தெரியாது. முதலில் அகலத்தை 2000க்குக் குறைத்துவிட்டு 7 அல்லது 8 வையுங்கள்.

கோட்டோவியன்:
சரிதான், ஆனால் படம் முழுக்க ஒரே அளவு வைத்தால் கம்ப்யூட்டர் வேலை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். வரைகிறவர் வானத்துக்கும் ஜன்னல் கம்பிக்கும் ஒரே பிரஷ்ஷா எடுப்பார்? லேயரை (படத்தின் அடுக்கை) நகலெடுத்து மேலே 10, கீழே 3 வைத்து, மேல் லேயருக்கு மாஸ்க் (வேண்டாத இடத்தை மறைக்கும் திரை) போட்டு, ஜன்னல், திண்ணைத் தூண் இருக்கும் இடங்களில் மட்டும் மாஸ்க் மேல் கருப்புப் பிரஷ்ஷால் பூசுங்கள், கீழ் லேயரின் நுணுக்கம் வெளியே வரும்.

பழைய லென்ஸ்:
அட, மாஸ்க்கை மறந்தே போனேன். போட்டோஷாப்பின் ஆயில் பெயின்ட் ஃபில்டரில் செய்பவர்கள் ஒளி வரும் கோணத்தையும் படத்தின் நிழலோடு பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் போல மின்னும்.

மழைத்துளி:
தூண் இப்போது அப்படியே நிற்கிறது! பிரின்ட் மட்டும் பளபள பேப்பரில் போட்டுத் தொலைத்துவிட்டார்கள், நாளை மேட் (பளபளப்பில்லாத) பேப்பரில் மறுபடி.