பலகை அறுக்கவும் கிளை கழிக்கவும் ஒரே செயின்சா போதுமா?

வணக்கம் நண்பர்களே. சாய்ந்து கிடக்கும் மரங்களை செயின்சாவில் அலாஸ்கன் மில் (பலகை ஒரே தடிமனில் வர உதவும் சட்டம்) மாட்டிப் பலகையாக அறுக்கலாம்னு இருக்கேன். அடிப்பக்கம் 24 அங்குல விட்டம் வரும். மற்ற நாளில் கிளை கழிக்க, விறகு போட அதே மெஷின்தான்.

குறுக்கே வெட்டுவது வேறு, நீளவாக்கில் அறுப்பது வேறு. நீளவாக்கில் போனால் இன்ஜின் முழு த்ராட்டிலில் நிமிடக்கணக்கில் மூச்சு விடாமல் ஓடணும். 50 சிசி மெஷின் சூடேறித் திணறும். அதனால் 70 சிசிக்குக் கீழே நான் பார்க்கவே இல்லை.

கையில் இருக்கும் பட்டியல் சின்னது. ஸ்டில் எம்எஸ் 462, 72 சிசி. எடை குறைவு, கிளை வேலைக்கு சுகம். எம்எஸ் 661, 91 சிசி. பலகைக்கு அதுதான் சரி, ஆனா அதைத் தூக்கிக்கிட்டு நாள் முழுக்கக் கிளை கழித்தால் தோள்பட்டை கழன்றுடும். ஹஸ்க்வர்னா 395 எக்ஸ்பியும் இதே ரகம்தான்.

மில் கவ்விப் பிடிக்கவே பாரில் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) சில அங்குலம் போயிடும். அப்போ எனக்கு 30 அங்குலத்துக்கு மேல் பார் வேணும். 462-ல் அவ்வளவு நீள பார் போட்டு அறுத்தவங்க யாராவது இருக்கீங்களா? பாரின் நுனி வரை ஆயில் போகுதா, இல்லை நுனிப் பக்கம் தனியா ஆயில் டப்பா வைக்கணுமா?

இன்னொண்ணு: பல்லை 10 டிகிரியில் தீட்டிய ரிப்பிங் செயின் (நீளவாக்கில் அறுக்கிற செயின்) போட்டால் பலகை வழவழப்பா வரும்கிறாங்க. வேகத்தில் வித்தியாசம் தெரியுதா? பேசாமல் பலகைக்குப் பெரியது, கிளைக்குச் சின்னதுன்னு ரெண்டா வாங்கிடலாமா? ஓட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க.