உதவி: ரூட்டுக்குள்ள சைன், புக் ஆன்சர் வரல

தென்றல்_10ஏ:
அவசரம், நாளைக்கு டெஸ்ட். ரூட்டுக்குள்ள (1 + சைன் தீட்டா) பை (1 − சைன் தீட்டா), இத சுருக்கணும், எத்தன தடவ போட்டாலும் புக்ல இருக்குற மாதிரி வரவே மாட்டேங்குது, எங்க தப்புன்னு சொல்லுங்க ப்ளீஸ்

வைகைக்கரை:
புக்ல என்ன ஆன்சர்? உங்களுக்கு என்ன வந்துச்சு? ரெண்டையும் போடாம எப்படிம்மா சொல்றது.

அரைக்கோணம்:
இதுக்கெல்லாம் தீட்டா பை 2 தான் சுலபம். 1-ஐ சைன் ஸ்கொயர் + காஸ் ஸ்கொயர்னு அரைக்கோணத்துல எழுதி, சைன் தீட்டாவ 2 சைன் காஸ்னு உடைச்சா மேலயும் கீழயும் முழு வர்க்கம் ஆயிடும், ரூட் போயிடும். கடைசில டேன் (45 டிகிரி + தீட்டா பை 2). நான் எந்தக் கணக்குக்கும் மொதல்ல இதத்தான் பாப்பேன்.

வைகைக்கரை:
பேர்லயே 10ஏ இருக்கு, அவங்களுக்கு அரைக்கோணம் இன்னும் நடத்தவே இல்லங்க.

செங்கோணன்:
முற்றொருமை பாடத்துல இது அடிப்படைக் கணக்கு. சைன் ஸ்கொயர் + காஸ் ஸ்கொயர் = 1 மனசுல நின்னிருந்தா இங்க வந்து கேக்கவே வேண்டியதில்ல. மொதல்ல பாடத்த ஒழுங்கா படிங்க.

தென்றல்_10ஏ:
புக்ல செக் தீட்டா + டேன் தீட்டா. மேலயும் கீழயும் 1 − சைன் தீட்டாவால பெருக்குனேன், காஸ் தீட்டா பை (1 − சைன் தீட்டா) வந்து நின்னுருச்சு

வைகைக்கரை:
உங்க ஆன்சர் தப்பே இல்லம்மா, ரெண்டும் ஒண்ணுதான். 30 டிகிரி போட்டுப் பாருங்க. உங்களோடதுல மேல ரூட் 3 பை 2, கீழ அரை, ஆக ரூட் 3. புக்ல 2 பை ரூட் 3 கூட்டல் 1 பை ரூட் 3, அதுவும் ரூட் 3 தான். புக் வடிவம் வேணும்னா 1 + சைன் தீட்டாவால பெருக்குங்க, மேல அதோட வர்க்கம், கீழ 1 − சைன் ஸ்கொயர், அதாவது காஸ் ஸ்கொயர். ரூட் எடுத்தா (1 + சைன்) பை காஸ், தனித்தனியா பிரிச்சா செக் + டேன்.

செங்கோணன்:
மாடுலஸ், அதான் மைனஸ ப்ளஸா மாத்துற குறி, அது எங்க? 120 டிகிரி போடுங்க, ரூட்டுக்கு சுமார் 3.73 வருது, செக் + டேன் மைனஸ் 3.73. காஸ் நெகட்டிவா இருக்குற இடத்துல இந்த ஆன்சரே தப்பு.

வைகைக்கரை:
பத்தாவதுல குறுங்கோணம் தானேங்க, புள்ளைய ஏன் கொழப்புறீங்க.

செங்கோணன்:
குறுங்கோணம்னா அத ஒரு வரி எழுதிட்டுப் போடணும். இப்ப எழுதாம பழகிட்டு பிளஸ் ஒன்ல எல்லாரும் இதே எடத்துலதான் விழறாங்க.

அரைக்கோணம்:
அந்த விஷயத்துல அவர் சொல்றது சரி, என் டேனுக்கும் மாடுலஸ் போடணும். 30-க்கு டேன் 60, ரூட் 3, பிரச்சனை இல்ல. 120-க்கு டேன் 105, மைனஸ்ல போயிடுது.

தென்றல்_10ஏ:
வந்துருச்சு அண்ணா, தேங்க்ஸ்

செங்கோணன்:
தீட்டா குறுங்கோணம்னு மேல எழுதினீங்களா?